சுருக்கிச் சொன்னவள்

பிப்ரவரி 9

கூடைக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்க இப்போது எனக்கு மனமில்லை. போன் செய்தால் எடுக்கமாட்டாய். கேட்டால் மேலே டவர் இல்லை என்பாய். டவர் இல்லாத போன் எப்படியடி மணி அடித்து அடித்து ஓயும்? சரி, பால் வண்டிக்காரர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்துவிட்டுப் பதில் எழுது.

உன் தம்பி செய்த காரியம் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. உங்கள் மலை ஊற்றிலிருந்து கீழே எங்கள் தெருவுக்கு வரும் குழாயை ரம்பம் வைத்து அறுத்திருக்கிறான். அறுத்தவன் ஓடவாவது ஓடினானா? ஸ்டேஷன் ஆட்கள் வந்து கூட்டிப்போகிறவரை அங்கேயே பாறைமேல் உட்கார்ந்திருந்தானாம். இங்கே எங்கள் வீட்டுக் குழாயைத் திறந்தால் காற்றுத்தான் வருகிறது. மருமகள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரி வரும் முனையில் போய் நிற்கிறாள். நின்றவள் தண்ணீரோடு மட்டுமா வருகிறாள்? நாலு பேர் கேட்டதையும் சுமந்துகொண்டு வருகிறாள். "உங்க மாமியார்தானே மலைக்காரங்ககிட்ட பேசி முடிச்சாங்க, இப்ப என்னாச்சாம்?"

பேசி முடித்தது நான்தான். அதில் எனக்கென்ன வெட்கம்? உங்கள் பேச்சும் எங்கள் பேச்சும் தெரிந்தவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான். அப்பாவின் எடைக்கடையில் நான் தராசுக்குப் பின்னால் ஒளிய, நீ உன் அம்மா இறக்கிவைத்த தேன் கூடைக்குப் பின்னால் ஒளிய, அப்படி எட்டி எட்டிப் பார்த்துக் கற்ற பாஷை. உனக்குக் கூடை என்றும் எனக்குத் தராசு என்றும் பெயர் விழுந்ததும் அங்கேதான். ஐந்தாவதோடு நின்றவளை நீர் வாரியத்து இன்ஜினியர் ஜீப்பில் முன் சீட்டில் உட்காரவைத்து மலைக்குக் கூட்டிப்போனார் என்றால் சும்மாவா?

நான் சொல்கிறபடி கேள். இன்ஜினியர் என் பேச்சைத் தட்டமாட்டார். தெரியாமல் செய்துவிட்டேன் என்று உன் தம்பியை ஒரு வார்த்தை சொல்லச் சொல். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தராசு


பிப்ரவரி 14

தராசு அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. போன் அடித்தது உண்மை. நான் எடுக்காததும் உண்மை.

தம்பி தெரியாமல் செய்யவில்லை. எங்கள் ஊர்க் கூட்டத்தில் எல்லோரும் பேசி முடித்துத்தான் ரம்பத்தை அவன் கையில் கொடுத்தோம். யார் அறுத்தது என்று தேடிக்கொண்டு ஸ்டேஷன் ஆட்கள் வீடு வீடாக வரக்கூடாது. அதற்காகத்தான் அவன் பாறைமேல் உட்கார்ந்திருந்தான். அவன் மன்னிப்புக் கேட்டால் கூட்டம் செய்ததைப் பொய்யாக்கியதாகிவிடும். கேட்கமாட்டான்.

மடு வற்றிவிட்டது அக்கா. நீங்களும் நானும் கால் நனைத்துக்கொண்டு உட்காருவோமே, அந்த மடு. அடியில் களிமண் வெடித்துக் கிடக்கிறது. ஆடுகள் அதை முகர்ந்து பார்த்துவிட்டு நம் முகத்தைப் பார்க்கின்றன. சுகாதார அறைக்கு வருகிற பிள்ளைகளைக் கை கழுவச் சொல்வது என் வேலை. இப்போதெல்லாம் அதைச் சொல்ல வாய் கூசுகிறது.

தம்பியைப் பார்க்க ஸ்டேஷனுக்குப் போனபோது அங்கே இன்ஜினியரும் வந்திருந்தார். தன்மையாகத்தான் பேசினார். "நீங்கதானேம்மா முழு சம்மதம்னு சொன்னீங்க. ராத்திரி பகல் பார்க்காம எடுத்துக்கலாம்னுதானே லைன் போட்டோம். இப்ப ஏன் இப்படி?" என்றார். நீங்கள் அவரோடு மேலே வந்த அன்று, கூட்டத்தின் நடுவில் ஒரு பிரசவத்துக்காக என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். நீங்கள் அவரிடம் பேசும்போது நான் அங்கே இல்லை. எங்கள் ஆட்கள் என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர் என்ன கேட்டார் என்பது தெரியவில்லை.

எங்கள் பேச்சை அவரிடம் எப்படிச் சொன்னீர்கள்? சொன்னபடியே எழுதி அனுப்புங்கள்.

கூடை


பிப்ரவரி 17

கூடைக்கு,

விசாரணையா வைக்கிறாய்? எட்டாவது படித்தவள் ஐந்தாவது படித்தவளைக் கேட்கிறாய். கேள், கேள்.

நான் எத்தனை கல்யாணம் பேசி முடித்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியாதா? பெண் வீட்டார் பத்துப் பேச்சுப் பேசினால் மாப்பிள்ளை வீட்டுக்கு இரண்டுதான் போய்ச் சேரும். பையன் வாயைத் திறந்தால் ஆடு கத்துவதுபோல இருக்கிறது என்று பெண்ணின் அத்தை சொல்வாள். நான் இந்தப் பக்கம் வந்து, பையன் அளந்து பேசுகிறான் என்று அவர்களுக்குப் பிடித்திருக்கிறது என்பேன். இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் பாதித் தெரு பிள்ளை குட்டியோடு இருக்கிறது. உள்ளதை உள்ளபடி கொண்டுபோய்க் கொட்டியிருந்தால் ஒரு கல்யாணமும் நடந்திருக்காது.

அன்றைக்கும் அதைத்தான் செய்தேன். உங்கள் ஆட்கள் ஒருவர் மாற்றி ஒருவர் பேசிக்கொண்டே போனார்கள். வெயில் ஏறுகிறது. டிரைவர் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு நிற்கிறார். எல்லாம் முடிந்தது என்று பார்த்தால், உன் மாமா எழுந்து அத்தனை பேர் பேசியதையும் முதலிலிருந்து திரும்பச் சொல்ல ஆரம்பித்தார். கேட்டதையே யார் இன்னொரு தடவை கேட்டுக்கொண்டிருப்பது? இன்ஜினியர் என் முகத்தைப் பார்த்தார். நான் சாரத்தைச் சொன்னேன். தண்ணீர் தர இவர்களுக்கு முழு மனம், ஊற்றைப் பாழாக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள், அவ்வளவுதான் என்றேன். தர உங்களுக்கு மனம் இருந்ததா இல்லையா, நீயே சொல்.

இருட்டிய பிறகுதான் திறப்போம், விடிந்தால் மூடிவிடுவோம், மூடித் திறக்கிற கைப்பிடி எங்களிடம்தான் இருக்கும் என்று உங்கள் ஆட்கள் சொன்னதை அப்படியே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதிகாரிகளுக்கு முகம் மாறும். எழுந்து ஜீப்பில் ஏறிவிடுவார்கள். காரியம் கெட்டுவிடும். அதனால் கைப்பிடிப் பேச்சை அப்புறம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்தேன். சொல்ல நேரம் வாய்க்கவில்லை. எல்லாம் நல்லதுக்குத்தான் செய்தேன்.

தராசு


பிப்ரவரி 22

அக்கா,

நான் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது.

உங்கள் கடிதத்தைக் கூட்டத்தில் எங்கள் பேச்சில் சொன்னேன். ஒரு வரியும் விடவில்லை. ஆடு கத்தும் மாப்பிள்ளை வந்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். கைப்பிடி வந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

மாமா ஏன் இரண்டாம் தடவை சொல்கிறார் என்று உங்களுக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறீர்கள். பேசினவர் காது கேட்க அவர் பேச்சைத் திருப்பிச் சொன்னால், தப்பு இருந்தால் அவரே திருத்திவிடுவார். வெளியிலிருந்து வந்தவர்களும் கேட்டதைத் திருப்பிச் சொல்லவேண்டும். அதற்குப் பிறகுதான் எங்களுக்குப் பேச்சு முடியும். அன்று இன்ஜினியர் ஏன் திருப்பிச் சொல்லவில்லை என்று மாமா உங்களைக் கேட்டார். "ஐயா எல்லாத்தையும் மனசுல வாங்கிக்கிட்டார்" என்றீர்கள். மாமாவும் அதை நம்பினார்.

மடு இறங்க ஆரம்பித்ததும் பகலில் மூடச் சொல்லுங்கள் என்று உங்களிடம் ஆள் அனுப்பினோம். சொல்லிவிட்டேன், செய்கிறேன் என்கிறார் என்று பதில் அனுப்பினீர்கள். மறுபடி ஆள் அனுப்பினோம். மறுபடி அதே பதில். ஸ்டேஷனில் இன்ஜினியரிடம் இதையும் கேட்டேன். மேலே ஒருதடவை வந்து பார்த்துவிட்டுப் போனால் மலைக்காரர்கள் சந்தோஷப்படுவார்கள் என்று நீங்கள் சொன்னீர்களாம். அவர் "பார்க்கலாம்" என்றாராம். அந்தப் "பார்க்கலாம்" எங்களிடம் வந்து சேரும்போது "செய்றேன்" ஆகியிருக்கிறது.

நீங்கள் எங்களுக்குக் கெடுதல் நினைத்தீர்கள் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. போட்டோ எடுக்கும் முன் பிள்ளைக்குத் தலை வாரி விடுவதுபோல எங்கள் பேச்சுக்கு வாரி விட்டிருக்கிறீர்கள். ஆனால் அது வளர்ந்தவர்கள் பேசிய பேச்சு.

இனி எங்களுக்காக நீங்கள் எங்கேயும் பேசவேண்டாம். இது கூட்டத்தின் முடிவு. என்னுடையதும் அதுதான்.

கூடை


மார்ச் 3

கூடைக்கு,

உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதி எழுதிக் கிழித்தேன். எழுதினதில் எல்லாம் நான் நல்லவளாகவே வந்தேன், அதனால் கிழித்தேன்.

என் மகன் வாரியத்தில் பைப் ஃபிட்டர் என்பது உனக்குத் தெரியும். அந்த லைனைப் போட்டவனும் அவன்தான். நேற்று சாப்பிட உட்கார்ந்தவனிடம், குழாயைப் பகலில் மூடுகிற மாதிரி மேலே ஒரு கைப்பிடி வைப்பது பெரிய வேலையா என்று, சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். அவன் தட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

"கேட் வால்வும்மா. ஸ்டோர்ல சும்மாதான் கிடக்கு. மேல கேக்கறாங்கன்னு யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா லைன் போட்ட அன்னைக்கே வச்சுட்டு வந்திருப்பேன்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். தண்ணீர் வந்துகொண்டிருந்தபோது நம் தெருத் தொட்டி விடிவதற்குள் நிறைந்துவிடும், பகலில் வந்தது வழிந்து சாக்கடைக்குத்தான் போனது என்றும் சொன்னான்.

உங்கள் மடு எங்கள் சாக்கடைக்குப் போயிருக்கிறது, கூடை. மருமகள் என்னைப் பார்த்தாள். கேட்டிருந்தால் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு ஆறியிருப்பேன். தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று சமையலறைக்குப் போய் வெறும் குடத்துக்கு முன்னால் நின்றேன்.

இப்போது உள்ளபடி எழுதுகிறேன். அதிகாரிகள் கோபிப்பார்கள் என்று பயந்ததாக எழுதினேனே, அது பாதிதான். அந்த இன்ஜினியர் கோபக்காரரே இல்லை. கைப்பிடி எங்களிடம் இருக்கட்டும் என்று உன் மாமா சொன்னபோது முகம் மாறியது எனக்குத்தான். இவர்களுக்கு எதற்குக் கைப்பிடி என்று தோன்றியது. தேனையும் விளக்குமாற்றுப் புல்லையும் இறக்கிவைத்துவிட்டு எங்கள் கடை வாசலில் நிற்பவர்கள், நாங்கள் எப்போது திறப்போம் என்று காத்திருப்பவர்கள், இப்போது நாங்கள் இவர்களுக்காகக் காத்திருப்பதா என்று தோன்றியது. ஒரு நொடிதான். அதற்குள் வாய் வேறொன்றைச் சொல்லிவிட்டது. இத்தனை நாளும் அதை உங்கள் மேல் எனக்குள்ள பிரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

யோசித்துப் பார்த்தால் நீ என்னைவிட மூத்தவள். உன் கையில் எத்தனை பிள்ளைகள் பிறந்திருக்கின்றன. நான் உன்னை வாடி போடி என்றேன், நீ என்னை அக்கா என்றாய். இதுவரை அது எனக்கு உறுத்தியதே இல்லை.

மேலே வந்து எல்லோர் காலிலும் விழுகிறேன். உன் மாமா காலில் முதலில் விழுகிறேன். எப்போது வரலாம் என்று நீங்கள் எழுதுங்கள்.

தராசு


மார்ச் 9

அக்கா,

வரவேண்டாம். காலில் விழுவது சீக்கிரம் முடிந்துவிடும் என்கிறார் மாமா. விழுந்தவரைத் தூக்கிவிட வேண்டும், தூக்கினால் மன்னித்தது மாதிரி ஆகிவிடும், தம் இடுப்புக்கும் அது நல்லதில்லை என்றார்.

வாரியத்தின் பெரிய அதிகாரி இருபதாம் தேதி இரண்டு பக்கத்தாரையும் தம் அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார். குழாயை என்ன செய்வது, தம்பி மேல் உள்ள வழக்கை என்ன செய்வது என்று அன்று பேசுவார்களாம். தம்பி இன்னும் உள்ளேதான் இருக்கிறான். சொந்த வீடோ நிலமோ பத்திரத்தோடு வைத்திருப்பவர் ஜாமீன் நிற்கவேண்டும் என்கிறார்கள். நாங்கள் எல்லோரும் பிறந்து வளர்ந்த இடத்துக்கு எங்களில் யாரிடமும் பத்திரம் இல்லை.

கூட்டம் உங்களிடம் கேட்பது இது. அன்று யார் காதுக்குச் சுருக்கிச் சொன்னீர்களோ அவர்கள் காது கேட்க, நாங்களும் உட்கார்ந்திருக்கும்போது, முதலிலிருந்து சொல்லவேண்டும். யார் பேசினார்கள், என்ன பேசினார்கள், பேசின வரிசையிலேயே. நடுவில் உங்கள் விளக்கம் வேண்டாம். அழுகையும் வேண்டாம். எதையாவது விட்டால் நான் எடுத்துக் கொடுப்பேன். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்துப் பேச்சை நானே பேசிக்கொள்கிறேன்.

இதனால் தெருவில் உங்கள் பேர் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். உங்கள் மகனுக்கும் சங்கடம். யோசித்துக்கொள்ளுங்கள்.

கடைசி வரியில் என்னை "நீங்கள்" என்று எழுதியிருந்தீர்கள். வாரியத்திலிருந்து வந்த ஓலை மாதிரி இருந்தது. அதை அப்புறம் சரிசெய்துகொள்ளலாம்.

கூடை


மார்ச் 22

கூடைக்கு,

நீ எதிரில் இருந்து பார்த்ததைத்தான் எழுதப் போகிறேன். ஆனாலும் எழுதவேண்டும். வெளியே வந்து உன்னைத் தேடினேன். நீங்கள் எல்லோரும் வண்டி ஏறிவிட்டீர்கள்.

உள்ளே அந்த நீள மேஜை, அதன்மேல் வரிசையாகத் தண்ணீர் பாட்டில்கள். என் மகன் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஜன்னலுக்கு வெளியே எங்கள் தெருப் பெண்கள். தராசம்மா இன்னொரு தடவை காரியத்தை முடித்துக் கொடுக்கப் போகிறாள் என்று வந்தவர்கள். நான் எழுந்து, அன்று நான் இவர்கள் பேச்சை மாற்றிச் சொன்னேன் என்று ஆரம்பித்ததும் வெளியே சலசலப்பு. பெரிய அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

"சுருக்கமா சொல்லுங்கம்மா. அடுத்து இன்னொரு மீட்டிங் இருக்கு."

"சுருக்கினதுதான் சார் நான் செஞ்ச தப்பு. இன்னைக்கு முழுசா சொல்லிட்டுத்தான் உட்காருவேன்."

இதைத் தைரியம் என்று நினைத்துவிடாதே. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன். முதலில் பேசியவர் தண்ணீர் தரமுடியாது என்று சொன்னதைச் சொன்னேன். அடுத்தவரும் அதையே சொன்னதைச் சொன்னேன். முன்பு சாலை போட வந்தவர்கள் வாக்குக் கொடுத்துவிட்டு எட்டிப் பார்க்கவில்லை என்று உன் சித்தப்பா சொன்னதை, அவர் துப்பினது உட்படச் சொன்னேன். கைப்பிடியைச் சொன்னேன். இருட்டினால் திறப்பது, விடிந்தால் மூடுவது, எல்லாம் சொன்னேன். பிறகு ஆள் அனுப்பினதையும் நான் திரித்ததையும் சொன்னேன். இன்ஜினியர் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். "நானும் அவங்ககிட்ட ஒருதடவை திருப்பிக் கேட்டிருக்கணும் சார்" என்று அவர் சொன்னபோது, எனக்குத் துணைக்கு ஒரு ஆள் கிடைத்தது என்று ஒரு அற்ப சந்தோஷம் வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

எல்லாம் சொல்லிவிட்டேன் என்று உட்காரப் போனேன். அப்போதுதான் நீ எழுந்தாய். "ஒருத்தர் பாக்கி" என்றாய்.

யார் என்று எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. நீ உன் மாமாவின் அக்காவைக் காட்டினாய். அன்றும் அவர் இப்படித்தான் சுவரோரம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்திருந்தேன். அவர் பேசினதை நீ எங்கள் பேச்சில் சொன்னாய்.

"தராசு வீட்டுக் குடம் காலியா இருக்கு. வந்ததுல இருந்து தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்கா பாருங்க. ராத்திரி நமக்குத் தண்ணி எதுக்கு? இருட்டினதும் திறந்து விடுங்க. அவ வீட்டுக்குப் போகட்டும்."

அதுவரை தரமுடியாது என்று இருந்த கூட்டம் அதற்குப் பிறகுதான் இரவுத் தண்ணீரைப் பற்றியே பேச ஆரம்பித்தது என்றாய். இன்ஜினியருக்காக இல்லை, வாரியத்துக்காக இல்லை.

அப்போது நான் எங்கே இருந்தேன் என்று நினைவு வந்துவிட்டது. உங்கள் வீட்டுச் செம்பை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தேன். காதில் விழவில்லை.

தெருப் பெண்கள் என்னோடு பேசுவதில்லை. பேசி வைத்திருந்த கல்யாணத்தை இரண்டு வீட்டாரும் வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. மாப்பிள்ளைக்கு வேலை இல்லை என்பதைப் புதிதாகப் போகிறவராவது சொல்லட்டும்.

தராசு


ஏப்ரல் 4

அக்கா,

உங்கள் மகன் வந்து வால்வு வைத்துவிட்டுப் போனார். எந்தப் பக்கம் திருப்பினால் மூடும் என்று எங்களுக்குக் காட்டினார். பிறகு நாங்கள் கேட்காமலேயே, நாங்கள் சொன்னதை எல்லாம் ஒரு தடவை திருப்பிச் சொன்னார். கொஞ்சம் தடுமாறினார். மாமா திருத்தினார். கைப்பிடி எங்களிடம் இருக்கும் என்று வாரியம் எழுதிக் கொடுத்திருக்கிறது. இனி எங்கள் ஆட்களோடு பேச வருகிறவர்கள் எங்கள் ஆள் ஒருவரை வைத்துத்தான் பேசவேண்டும் என்றும், கேட்டதைத் திருப்பிச் சொல்லாமல் எழுந்து போகக்கூடாது என்றும் சேர்த்து எழுதச் சொன்னோம். முதல் விஷயத்தை எழுதிவிட்டார்கள். இரண்டாவதை எழுதும்போது பெரிய அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. இன்னும் எழுதவில்லை. விடமாட்டோம்.

தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான். ஜாமீனுக்கு யார் வீட்டுப் பத்திரம் வைத்திருக்கிறது என்று அவன்தான் சொன்னான். நீங்கள் அதை எழுதவில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை.

மடுவில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது.

கூட்டத்தின் முடிவு மாறவில்லை. எங்களுக்காக நீங்கள் பேசவேண்டாம். கூட்டத்துக்கு வரலாம். சுவரோரம் உட்கார்ந்து கேட்கலாம்.

கைப்பிடி மாமாவின் அக்காவிடம் இருக்கிறது. யாரிடமும் கொடுப்பதில்லை. இருட்டினதும் தானே தட்டுத் தடுமாறிப் போய்த் திருப்பிவிட்டு வருகிறார். தாம் அன்றைக்குப் பேசினதை உங்கள் வாயால் கேட்கவேண்டும் என்கிறார். நான் சொன்னது கணக்கில் வராதாம்.

கூடை


ஏப்ரல் 8

கூடைக்கு,

நீ எழுதினதைத் திருப்பிச் சொல்கிறேன். விட்டிருந்தால் திருத்து.

என் மகன் வந்து வால்வு வைத்தான். மூடுவது எப்படி என்று காட்டினான். உங்கள் பேச்சைத் திருப்பிச் சொன்னான், தடுமாறினான், உன் மாமா திருத்தினார். கைப்பிடி உங்களிடம் என்று வாரியம் எழுதிக் கொடுத்தது. பேச வருகிறவர்கள் உங்கள் ஆளை வைத்துப் பேசவேண்டும் என்று எழுதிவிட்டார்கள். திருப்பிச் சொல்லாமல் எழுந்து போகக்கூடாது என்பதை இன்னும் எழுதவில்லை. பெரிய அதிகாரி சிரித்தார். நீங்கள் விடமாட்டீர்கள். தம்பி வந்துவிட்டான். பத்திரத்தைப் பற்றிச் சொன்னான். வழக்கு முடியவில்லை. மடுவில் கணுக்கால் அளவுத் தண்ணீர். உங்களுக்காக நான் பேசக்கூடாது. வரலாம், சுவரோரம் உட்காரலாம், கேட்கலாம். கைப்பிடி மாமாவின் அக்காவிடம் இருக்கிறது. இருட்டினதும் அவரே போய்த் திருப்புகிறார். அவர் பேசினதை என் வாயால் கேட்கவேண்டும் என்கிறார்.

இவ்வளவுதானே?

நேற்று இருட்டினபோது குழாய் முதலில் கொஞ்சம் இருமியது. பிறகு தண்ணீர் வந்தது. மருமகள் குடத்தை வைத்தாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டு அவர் பேசினதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். அவர் எதிரில் தடுமாறக் கூடாதே என்றுதான் தினமும் சொல்லிப் பார்க்கிறேன்.

"தராசு வீட்டுக் குடம்" என்கிற இடம் வரைக்கும் வருகிறது. அதற்குமேல் வரவில்லை. வந்ததும் மேலே வருகிறேன்.

தராசு